ஆடியவர்கள் எழுதிய வரலாறு, உடையவர்கள் திருப்பிய கடிகாரம்

(நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசிக்கலாம்.)

சில வாரங்களுக்கு முன், ஹைதராபாத்தில் நண்பர் ஒருவரின் அறையில் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆடினோம். பகடைகள், பென்சில், தேநீர்க் குவளைகள், ஒரு வரைபடம். ஆட்டம் முடிந்ததும் அதை நடத்திய நண்பர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். அதில் எங்கள் ஒவ்வொருவருக்குமான உறுப்பினர் எண், எங்கள் பாத்திரங்கள் ஈட்டிய பொன், அவற்றின் கீழே ஏ, பி, சி, டி என நான்கு சிறு கட்டங்கள். கதையின் முடிவில் நாங்கள் ஒரு கைதியைக் காவலரிடம் ஒப்படைக்காமல் விடுவித்திருந்தோம். அதற்காக ஒரு கட்டத்தில் குறியிட்டார்.

“இது எதற்கு?” என்று கேட்டேன்.

“நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். மற்ற மேசைகள் என்ன செய்தன என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பின்னால் வரும் கதைகளில் அது எதிரொலிக்கலாம்” என்றார்.

அந்தச் சிறு குறி என்னை விட்டு அகலவில்லை. நான் மொழியியல் படித்தவன். ஒரு மொழியை அதைப் பேசுபவர்கள் எப்படித் தங்களை அறியாமலேயே மாற்றுகிறார்கள் என்பது எங்கள் துறையின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. ஒரு கற்பனை உலகை அதில் ஆடுபவர்கள் எப்படி மாற்றுகிறார்கள்? அந்த மாற்றத்தில் எது நிற்கிறது, எது அழிகிறது? இந்தப் பதிவு அதைப் பற்றியது.

1. பெயர்கள்

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காக ஓரிரு வரிகள். மேசைப் பாத்திர விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்கிறார். அவர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார் என்பதை வாய்மொழியாகவே முடிவு செய்கிறார். ஒருவர் மட்டும் நடத்துநராக இருந்து உலகையும் அதிலுள்ள மற்ற மாந்தரையும் ஏற்று நடத்துகிறார். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்குமிடத்தில் பகடை பேசும். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் பெயரில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. கதை நிகழும் உலகம், அதன் நாடுகள், கடவுளர், பகைகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து இங்கே ‘ஆட்டவுலகம்’ என்று குறிப்பிடுகிறேன்.

அத்தகைய ஆட்டவுலகங்களில் மூத்தவற்றுள் ஒன்று கிரேஹாக். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், 1972-இல் கைகாக்ஸின் வீட்டில், அவருடைய பிள்ளைகளும் நண்பர்களும் ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்தது அது. அந்த மேசையில் ஆடியவர்களின் பாத்திரப் பெயர்கள் பிற்காலத்தில் விதிநூல்களுக்குள் மந்திரங்களின் பெயர்களாக நுழைந்தன. ‘டென்சரின் மிதக்கும் தட்டு’ என்றொரு மந்திரம் உண்டு. டென்சர் என்பது கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட் ஆடிய பாத்திரம். எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் டென்சர் வரும். ‘மெல்ஃபின் அமில அம்பு’ இன்னொரு மகன் லூக்கின் பாத்திரத்திலிருந்து வந்தது. ‘டிராமிஜ்’ என்ற மந்திரவாதியின் பெயரைப் பின்னிருந்து வாசித்தால் ஜிம் வார்டு என்ற ஆட்டக்காரரின் பெயர் கிடைக்கும்.

ஒரு வீட்டு மேசையின் கேலிப்பெயர்களும் சொல்விளையாட்டுகளும் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் உச்சரிக்கும் சொற்களாயின. ஊர்ப்பெயர் ஆய்வில் நாம் காண்பதும் இதுவே. யாரோ ஒருவரின் தோட்டம், யாரோ ஒருவர் வெட்டிய குளம், பின்னர் ஓர் ஊரின் பெயராக நிலைத்துவிடும். பெயர் நிற்கும், ஆள் மறைவார்.

2. போட்டிகள் நிரப்பிய வரைபடம்

இரண்டாம் கட்டத்தில் ஆட்டம் வீட்டை விட்டு மாநாட்டுக்கு வந்தது. கைகாக்ஸ் 1968-இல் லேக் ஜெனீவாவில் தொடங்கிய ஜென் கான், 1975-இல் பால்டிமோரில் தொடங்கிய ஆரிஜின்ஸ் ஆகியன ஆட்டக்காரர்கள் பெருந்திரளாகக் கூடிய ஆண்டு விழாக்கள். அங்கே போட்டிகள் நடந்தன. ஒரே கதையைப் பல மேசைகளில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் ஆடும். யார் அதிக தூரம் சென்றார், யார் உயிர் பிழைத்தார் என்பதற்கு மதிப்பெண் இடப்படும்.

இன்று கிரேஹாக்கின் அடையாளச் சின்னங்களாகக் கருதப்படும் இடங்களுள் பல இப்போட்டிகளுக்காக உருவாக்கப்பட்டவை. ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கொடுங்கல்லறை 1975-ஆம் ஆண்டு ஆரிஜின்ஸ் போட்டிக்கு எழுதப்பட்டு, 1978-இல் நூலானது. அரக்கர் கோட்டைகளைத் தாக்கும் கதைவரிசை 1978-ஆம் ஆண்டு ஆரிஜின்ஸில் ஆடப்பட்டது. பாதாளத்தில் வாழும் கருந்தோல் எல்ஃப் இனத்தார் ஆட்டத்துக்குள் அடியெடுத்து வைத்தது அந்த வரிசையில்தான். 1980-ஆம் ஆண்டு ஜென் கானில் ஆடப்பட்ட அடிமை வணிகர் கதைகளும் பின்னர் நூல்வரிசையாயின. சில நூல்களின் அட்டையிலிருந்த ‘சி’ என்ற குறியீடே போட்டி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டு மேசையில் நடத்துநர் எதையும் அந்தக் கணத்தில் இட்டுக்கட்டலாம். போட்டியில் அப்படிச் செய்தால் ஒப்பீடு கெட்டுவிடும். முதல் மேசையில் இருக்கும் கதவு பன்னிரண்டாம் மேசையிலும் அதே சுவரில் இருக்க வேண்டும். வாய்மொழியாக நெகிழ்ந்து கிடந்த உலகம் போட்டியின் கட்டாயத்தால் எழுத்தில் உறைந்தது. பல பாடங்களாக வழங்கிய ஒரு நாட்டார் கதை ஏட்டில் ஏறியதும் ஒற்றைப் பாடமாகிவிடுவதை இதனுடன் ஒப்பிடலாம்.

3. சங்கம் பிறக்கிறது

விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம், ஃபிராங்க் மென்ட்சரின் முன்முயற்சியில் 1980-இல் ஓர் ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கியது. ஆர்.பி.ஜி.ஏ. என்ற எழுத்துச் சுருக்கத்தால் அது அறியப்பட்டது. ‘பாலிஹெட்ரான்’ அதன் இதழ். 1987 வாக்கில் அச்சங்கம் ஒரு புதுமையைச் செய்தது. எட் கிரீன்வுட் படைத்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகில் ரேவன்ஸ் ப்ளஃப் என்ற துறைமுக நகரை உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கியது. ‘லிவிங் சிட்டி’, அதாவது உயிர்வாழும் நகரம், என்பது அதன் பெயர்.

அதுவரை ஒரு பாத்திரம் ஒரு மேசைக்கு மட்டுமே சொந்தம். இங்கே ஒரு பாத்திரத்தை எந்த ஊரின் எந்த மாநாட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். சிகாகோவில் வென்ற வாளை அட்லாண்டாவில் ஏந்தலாம். அந்த வாளுக்குச் சான்றிதழும் உண்டு. காகிதச் சான்றிதழ் கையிலிருந்தால்தான் வாள் இருப்பதாகக் கணக்கு. நகரின் கடைகள், மனிதர்கள், வதந்திகள் எனப் பலவற்றை உறுப்பினர்கள் எழுதி அனுப்பினர். 1998-இல் கிரீன்வுட் அந்நகரைப் பற்றித் தனி நூல் எழுதியபோது அவர் முன் இருந்தது வெற்றிடமன்று. பத்தாண்டுகளுக்கு மேல் பலர் வாழ்ந்து பழகிய நகரம்.

ஆசிரியர் தம் உலகத்துக்குள் விருந்தாளியாக வந்து, அங்கே குடியிருந்தோரிடம் வழி கேட்க வேண்டிய நிலை உருவான தருணம் என்று இதைக் கொள்ளலாம்.

4. பிரிட்டன் ஒரு தீபகற்பமாக, ஆஸ்திரேலியா ஒரு மலைநாடாக

இவ்வரலாற்றின் உச்சம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், விளையாட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது ‘லிவிங் கிரேஹாக்’ என்ற இயக்கத்தையும் தொடங்கி வைத்தது. அடிப்படை நூலாக அதே ஆண்டில் ஒரு நிலநூல் வந்தது. கேரி ஹோலியன், எரிக் மோனா, ஷான் ரெனால்ட்ஸ், ஃபிரெடரிக் வைனிங் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள். அவ்வுலகின் நாட்காட்டியில் அப்போது 591-ஆம் ஆண்டு.

கிரேஹாக்கின் நாடுகள் மெய்யான உலகின் நிலப்பகுதிகளுக்குப் பங்கிடப்பட்டன. சுமார் 30 பகுதிகள். அமெரிக்க மாநிலங்கள் தனியாகவோ கூட்டாகவோ ஒவ்வொரு நாட்டைப் பெற்றன. பெரன்லாந்து என்ற மலைநாடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டக்காரர்களுக்கு. எக்பிர் பிரான்சுக்கு. நேரி ஸ்காண்டிநேவியாவுக்கு. ஓன்வால் என்ற தீபகற்பம் பிரிட்டனுக்கு. ஒவ்வொரு பகுதியையும் மூன்று தன்னார்வலர் கொண்ட குழு ஆண்டது. அக்குழுவுக்கு ‘டிரையட்’ என்று பெயர். கதைகளை எழுதுவிப்பது, திருத்துவது, நாட்டின் அரசியலை நகர்த்துவது என அனைத்தும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு மேலே உலகம் முழுமைக்குமான ஒரு சிறு குழு இருந்தது.

ஓன்வாலை எடுத்துக்கொள்வோம். நிலநூலின்படி அது அந்நியர் படையெடுத்துக் கைப்பற்றிய நாடு. மக்கள் கிளர்ந்தெழுந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடுதலைப் போரை நடத்தும் பொறுப்பு பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களுக்கு வாய்த்தது. இந்தியாவிலிருந்து இதை வாசிப்பவருக்கு ஒரு சிறு புன்னகை தோன்றினால் தவறில்லை.

இயக்கத்தின் இரண்டு விதிகள் என் கவனத்தை ஈர்த்தவை. முதலாவது, ஒரு பகுதியின் கதையை அந்தப் பகுதிக்குரிய மெய்யான நிலத்தில்தான் ஆட முடியும். பெரன்லாந்தின் கதையை ஆட வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்ல வேண்டும். கற்பனை நிலத்துக்குச் செல்ல மெய்யான பயணச்சீட்டு வேண்டும். இரண்டாவது, அங்கே ஓர் ஆண்டு என்பது இங்கேயும் ஓர் ஆண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆண்டுக்கு 52 காலக்கூறுகள், வாரத்துக்கு ஒன்றாக. சொந்த நாட்டில் ஆடினால் ஒரு கூறு செலவாகும், அயல்நாட்டுக்குச் சென்றால் இரண்டு. பயணம் செய்பவர் விரைவில் முதுமையடைவார் என்று சொல்வதைப் போன்ற விதி.

இவ்விரு விதிகளும் சேர்ந்து ஒன்றைச் செய்தன. மொழியியலில் வட்டார வழக்கு தோன்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: நிலப்பிரிவு, காலம். மக்கள் குழுக்கள் ஒன்றையொன்று அரிதாகச் சந்திக்க வேண்டும். அந்நிலை போதிய காலம் நீடிக்க வேண்டும். லிவிங் கிரேஹாக் இரண்டையும் விதியாகவே எழுதி வைத்திருந்தது. ஆகவே எட்டாண்டுகளில் ஒரே கிரேஹாக்குக்குள் பல கிரேஹாக்குகள் முளைத்தன. ஒரே நூலிலிருந்து கிளைத்த நாடுகள் தத்தம் அரசியல், தத்தம் நகைச்சுவை, தத்தம் வீரர்கள், தத்தம் துரோகிகள் என வளர்ந்தன. எந்த ஒற்றை ஆசிரியரும் இத்தனை விரிவை எழுதியிருக்க முடியாது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்த தன்னார்வலர்கள்.

5. வென்றவரின் பேரரசு

அமைப்புசார் ஆட்டத்தின் இன்னொரு கிளையைச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமை பெறாது. 1995-இல் ஆல்டரேக் நிறுவனம் ‘லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ என்ற சீட்டு விளையாட்டை வெளியிட்டது. ஜப்பானிய மரபுகளை முதன்மையாகக் கொண்டு புனையப்பட்ட ரோகுகன் என்ற பேரரசு அதன் களம். நண்டு, நாரை, தேள், சிங்கம் எனக் குலங்கள் அங்கே அதிகாரத்துக்காகப் போட்டியிட்டன. 1997-இல் அதே உலகில் பாத்திர விளையாட்டும் வந்தது.

இங்கே ஆட்டக்காரர்கள் குலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்கு விசுவாசமாக இருந்தனர். போட்டிகளில் எந்தக் குலம் வென்றதோ அதற்கேற்பக் கதை நகர்ந்தது. 1997-ஆம் ஆண்டு ஜென் கானில் நடந்த ‘டே ஆஃப் தண்டர்’ என்ற போட்டி முதல் பெருங்கதையின் முடிவாக அமைந்தது. பின்னர் ‘கோட்டெய்’ என்று அழைக்கப்பட்ட வட்டாரப் போட்டிகளும் கதையில் பங்கு பெற்றன. ஒரு மண்டபத்தில் இருவர் ஆடிய சீட்டாட்டத்தின் முடிவு, அடுத்து வந்த பாத்திர விளையாட்டு நூல்களில் வரலாறாக அச்சேறியது.

ஆனால் வரலாறு பெருகினால் சுமையும் பெருகும். 2010-இல் வந்த பாத்திர விளையாட்டின் நான்காம் பதிப்பு, எந்தக் காலத்திலும் வைத்து ஆடத்தக்கதாக, ஒரு குறிப்பிட்ட ஆண்டோடு தன்னைக் கட்டிக்கொள்ளாமல் எழுதப்பட்டது. பதினைந்தாண்டுக் கால வெற்றி தோல்விகளைப் புதிதாக வருபவரின் தலையில் ஏற்றுவது எளிதன்று என்பதை அந்நூலின் அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

6. பதவிப் பெயர்கள் கடந்து வந்த எல்லை

லிவிங் கிரேஹாக்கின் இதழாசிரியராக இருந்த எரிக் மோனா பின்னர் பைசோ நிறுவனத்தின் பதிப்பாளரானார். அந்நிறுவனம் கோலேரியன் என்ற தன் சொந்த உலகை உருவாக்கி, 2008-ஆம் ஆண்டு ஜென் கானில் ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’ என்ற அமைப்புசார் ஆட்டத்தைத் தொடங்கியது. நான் ஹைதராபாத்தில் ஆடியதும் இதுவே.

முந்தைய உலகங்களில் உலகம் முதலில் வந்தது, சங்கம் பின்னர் அதில் குடியேறியது. கோலேரியனில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன. மாநாட்டு மேசையில் முன்பின் அறியாத ஆறு பேர் அமர்கிறார்கள். நான்கைந்து மணி நேரத்தில் கதை முடிய வேண்டும். இவர்கள் ஏன் ஒன்றாகச் செல்கிறார்கள் என்று விளக்க நேரமில்லை. ஆகவே உலகத்துக்குள்ளேயே அந்நியர்களை ஒன்றுசேர்த்து அனுப்பும் ஒரு நிறுவனம் தேவை. அப்சலோம் நகரில் முகமூடி அணிந்த பதின்மர் தலைமையில் இயங்கும் ஆய்வுப் பயணிகள் கழகம் அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மேசையின் நடைமுறைத் தேவை உலகின் அரசியல் அமைப்பாக உருக்கொண்டது. 2009-இலும் 2011-இலும் அக்கழகத்தைப் பற்றித் தனி நூல்களே வந்தன.

தொடக்கத்தில் ஐந்து அணிகள் இருந்தன: ஆண்டோரன், செலியாக்ஸ், ஓசிரியன், கடீரா, டால்டோர். ஐந்தும் நாடுகளின் பெயர்கள். இவற்றுள் செலியாக்ஸ் நரகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட அரச குடும்பம் ஆளும் நாடு. ஆனால் இயக்கத்தின் விதிப்படி தீய பாத்திரங்களுக்கு அனுமதியில்லை. அப்படியானால் செலியாக்ஸ் அணியில் சேர்பவர் யார்? தன் நாட்டை நேசிப்பவர், ஆனால் தீயவரல்லர். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் விடை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நூலில் வில்லன்களின் நாடாக இருந்தது மேசைகளில் மனிதர்களின் நாடாக மாறியது. நான் இதைச் சிறிய சாதனையாகக் கருதவில்லை.

2011-இல் மேலும் ஐந்து அணிகள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, முந்தைய ஆண்டுக் கதைகளில் கழகத்தின் எதிரியாக வந்த ‘ஷேடோ லாட்ஜ்’. எதிரி ஓராண்டில் ஆடத்தக்க அணியானது. பின்னர் நாடுகளின் பெயர்களைத் தாங்கிய அணிகள் நோக்கங்களைக் குறிக்கும் பெயர்களுக்கு மாறின.

மொழியியல் மாணவனுக்கு மிகவும் இனிக்கும் செய்தி இன்னொன்று. கதைக்குள் கழகத்தின் வட்டாரத் தலைவர்களுக்கு ‘வென்ச்சர் கேப்டன்’ என்று பெயர். மெய்யான உலகில் ஒரு நகரத்தில் ஆட்டங்களை ஒருங்கிணைக்கும் தன்னார்வலருக்கும் அதே பதவிப் பெயர். கற்பனையில் ஓர் அதிகாரியைக் குறித்த சொல், மேசை நாற்காலி தேடி, மண்டபம் பிடித்து, வருகைப் பட்டியல் தயாரிக்கும் ஒருவரைக் குறிக்கத் தொடங்கியது. உலகம் ஆட்டக்காரர்களிடமிருந்து பெற்றதைப் போலவே அவர்களுக்குக் கொடுக்கவும் செய்தது.

7. திருப்பி வைக்கப்பட்ட கடிகாரம்

இதுவரை சொன்னவை வளர்ச்சியின் கதை. இனி அழிவின் கதை.

2008-இல் விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தது. லிவிங் கிரேஹாக் அந்த ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அதன் கதைகள் கடைகளில் விற்ற நூல்களல்ல. சங்கத்தின் வழியே நடத்துநர்களுக்குக் கிடைத்த கோப்புகள். இயக்கம் நின்றதும் அதிகாரபூர்வ விநியோகமும் நின்றது. எட்டாண்டுகளின் வரலாறு ஆட்டக்காரர்களின் வன்தட்டுகளிலும் அட்டைக் கோப்புகளிலும் மட்டுமே எஞ்சியது.

2015-இல் ரோகுகன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2017-இல் புதிய உரிமையாளரான ஃபேன்டசி ஃபிளைட் நிறுவனம் சீட்டு விளையாட்டை மீண்டும் வெளியிட்டபோது, கதையை முதல் பெரும்போருக்கும் முந்தைய காலத்துக்குக் கொண்டுசென்று புதிதாகத் தொடங்கியது. இருபதாண்டுகளாகப் போட்டியில் வென்றவர்களும் தோற்றவர்களும் எழுதிய வரலாறு, புதிய ரோகுகனில் நிகழவே இல்லை.

2024-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய நடத்துநர் கையேடு வெளியானது. அதில் மாதிரி ஆட்டவுலகமாகக் கொடுக்கப்பட்டது கிரேஹாக். ஆண்டு 576. அதாவது 1980-இல் அவ்வுலகம் முதன்முதலில் அச்சில் விவரிக்கப்பட்டபோது இருந்த அதே ஆண்டு. லிவிங் கிரேஹாக் தொடங்கிய 591 இன்னும் பதினைந்தாண்டுகள் தொலைவில் இருக்கிறது.

பெயர்களின் நிலையும் இதுவே. 2000-இல் விளையாட்டின் விதிகளைப் பிறரும் பயன்படுத்தத் திறந்த உரிமத்தில் ஒரு தொகுப்பு வந்தபோது, அதிலிருந்து மந்திரவாதிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. டென்சர் போனார், ‘மிதக்கும் தட்டு’ மட்டும் நின்றது. மெல்ஃப் போனார், ‘அமில அம்பு’ மட்டும் நின்றது. மந்திரத்தை யாரும் பயன்படுத்தலாம். ஒரு சிறுவன் தன் தந்தையின் மேசையில் சூட்டிய பெயர் மட்டும் நிறுவனத்தின் உடைமை.

இதில் நிறுவனங்களின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று முதன்முறையாகப் பகடை எடுக்கும் பதினான்கு வயதுச் சிறுமியிடம், ‘நீ பிறப்பதற்கு முன் எங்கோ நடந்த எட்டாண்டுக் கதைகளைப் படித்துவிட்டு வா’ என்று சொல்ல முடியாது. கடிகாரத்தைத் திருப்புவது அவளுக்குக் கதவைத் திறக்கிறது. வரலாற்றின் கனம் உள்ளே இருப்பவர்க்குப் பெருமை, வெளியே நிற்பவர்க்கு மதில். இதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. கதவைத் திறப்பதற்காக மதிலை இடிப்பவர்கள், அம்மதிலில் கல் சுமந்தவர்களின் பெயர்களை எங்காவது எழுதி வைத்தார்களா?

8. எது நின்றது?

மொழி மாற்றத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு பொதுவான பட்டறிவு உண்டு. சொற்கள் எளிதில் வரும், எளிதில் போகும். சொற்களை அடுக்கும் அமைப்பு மெதுவாகவே மாறும். மாறினால் நெடுங்காலம் நிற்கும். ஆட்டவுலகங்களில் நான் காண்பதும் அதுவே. நிகழ்வுகள் சொற்களைப் போன்றவை. யார் அரசரானார், எந்த நகரம் விழுந்தது, யார் யாரைக் கொன்றார் என்பவை ஒரே கையெழுத்தில் அழிந்தன. அமைப்புகள் இலக்கணத்தைப் போன்றவை. அவை தங்கிவிட்டன.

2014-இல் விசார்ட்ஸ் நிறுவனம் ‘அட்வென்ச்சரர்ஸ் லீக்’ என்ற புதிய இயக்கத்தைத் தொடங்கியபோதும் அதில் ஐந்து அணிகள் இருந்தன. ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் ஐந்து கூட்டமைப்புகளான அவை, கடையில் விற்ற கதைநூல்களுக்குள்ளும் இடம்பெற்றன. இயக்கத்தின் முதல் பருவங்கள் மூன்ஸீ கடற்பகுதியின் ஃபிலான், முல்மாஸ்டர், ஹில்ஸ்ஃபார் ஆகிய நகரங்களில் நடந்தன. நூல்களின் கதைக்களம் முதன்மையாக வேறொரு கரை. ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கும் ரேவன்ஸ் ப்ளஃபின் பழைய உத்தி அங்கே தொடர்வதைக் காணலாம்.

அந்நியர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் கழகம், ஒருவர் தன்னைச் சேர்த்துக்கொள்ளத்தக்க அணி, ஆண்டுக்கொரு கருப்பொருள், தொண்டர்களுக்கென ஒதுக்கப்பட்ட எல்லைப்புற நகரம், ஊர் விட்டு ஊர் எடுத்துச் செல்லத்தக்க பாத்திரம். இன்று ஒரு புதிய ஆட்டவுலகை எழுத அமரும் ஆசிரியர், தாம் லிவிங் கிரேஹாக்கை ஆடியிருக்காவிட்டாலும், இவற்றை இயல்பானவையாகவே கருதிப் பயன்படுத்தக்கூடும். தாய்மொழியின் இலக்கணத்தை யாரிடம் கற்றோம் என்று நமக்கு நினைவிருப்பதில்லை அல்லவா, அதைப்போல.

வழக்கை ஆராய்ந்தே இலக்கணம் வகுக்க வேண்டும் என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் பழக்கமான எண்ணம். ஆனால் எந்த மொழிக்கும் உரிமையாளர் கிடையாது. வழக்கை ஒரே நாளில் இரத்துச் செய்யும் அதிகாரம் எந்த இலக்கண ஆசிரியனுக்கும் வாய்த்ததில்லை. ஆட்டவுலகங்களுக்கு உரிமையாளர் உண்டு. பேசுபவர்களின் உழைப்பால் வளர்ந்து, பதிவு அலுவலகத்தில் ஒருவர் பெயரில் இருக்கும் மொழியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆட்டவுலகம் ஏறத்தாழ அத்தகையது. இதில்தான் என் ஒப்புமை உடைகிறது. உடையும் இடத்தில்தான் சிக்கலும் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையும் நிறுவனங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே எழுதுகிறார்கள். அச்சில் இருப்பது சான்றாகக் கிடைக்கிறது என்பதே காரணம். மேசையில் நடந்தது சான்றில்லாமல் போகிறது. நீங்கள் எந்த ஊரில் ஆடினாலும், பெங்களூருவிலோ புனேயிலோ சென்னையிலோ, உங்கள் பாத்திரத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். அன்று மேசையில் யார் இருந்தார்கள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் சிரித்தீர்கள் என்பதை நான்கு வரியாவது எழுதி, தேதியிட்டு வையுங்கள். உரிமையாளர் கடிகாரத்தைத் திருப்பலாம். உங்கள் தாளில் உள்ள தேதியைத் திருப்ப முடியாது.

அன்று நண்பர் படிவத்தை நிரப்பிய பிறகு என் பங்குக்கான தாளைக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் நான் எழுதியது இது: ‘கைதியை விடுவித்தோம். மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. நான் எதிர்த்தேன். இப்போது யோசித்தால், அவர்கள் செய்தது சரி.’

அந்தக் கைதி இனி எந்த நூலிலாவது வருவானா என்று எனக்குத் தெரியாது. தாள் என் கோப்பில் இருக்கிறது.